சங்குமுனைத் தூது

மேற்கு வானத்தில் செம்பஞ்சுக் குழம்பைக் கவிழ்த்துவிட்டாற்போல் அந்திச் சிவப்பு பரவிக்கொண்டிருந்தது. சிப்பியாறு தன் நெடும்பயணத்தின் களைப்பெல்லாம் தீரக் கடலோடு கலக்கும் அந்த முகத்துவாரத்தில், வானத்துச் செவ்வொளி ஆயிரம் துண்டுகளாக உடைந்து அலைகளின் முதுகில் ஏறிச் சென்றுகொண்டிருந்தது. கரையோரத் தாழம்புதர்களில் நாரைகள் சிறகு மடக்கி அமர்ந்தன. பௌர்ணமிக்கு ஒரு நாள் குறைந்த நிலா, பகலவன் மறையும் வரை காத்திராமல், கீழ்வானில் வெளிறிய முகத்துடன் முன்னதாகவே வந்து நின்றது. பவளப் பாறையை அறுத்துச் சுண்ணம் சேர்த்துப் பறங்கியர் கட்டிய சங்குமுனைக் கோட்டையின் வெண்மதில்கள், அந்த இரண்டு ஒளிகளுக்கும் நடுவே, ஒருபுறம் செம்மையும் மறுபுறம் வெண்மையுமாகத் தோற்றமளித்தன.

இத்தனை அழகையும் கண்ணெடுத்துப் பார்க்க மனமில்லாத ஒருவன் அந்த மதிலின் மேல் நின்றுகொண்டிருந்தான். துறையில் நங்கூரமிட்டிருந்த இரண்டு பெரிய போர்க்கப்பல்களிலேயே அவனுடைய பார்வை பதிந்திருந்தது. அவற்றின் பாய்கள் சுருட்டிக் கட்டப்பட்டிருந்தன. நாற்பத்து மூன்று நாட்களாக அவை அப்படியேதான் இருந்தன.

வாசக அன்பர்களே, அவன் பெயர் வயிரவநாதன். செம்மணற்சீமைத் தலைவர் பூவணத் தேவரின் தானாபதி. அதாவது, அவருக்காக அயல்நாடுகளில் தூது பேசும் உரிமை பெற்றவன். வயது முப்பதுக்குள்தான் இருக்கும். தலைமுறை தலைமுறையாக விசயகிரிப் பேரரசுக்குக் கட்டுப்பட்டுக் கிடந்த செம்மணற்சீமை, ‘இனி எம் மண்ணுக்கு நாமே அரசர்’ என்று அறிவித்து ஓராண்டு ஆகியிருந்தது. அந்த அறிவிப்புக்கு விசயகிரியார் படையைக் கொண்டே விடை அனுப்பினார்கள். ஐந்து மாதங்களாகச் செம்மணற்கோட்டை முற்றுகையில் இருந்தது. மூன்று புறம் தரைவழியைப் படை அடைத்து நின்றது. நான்காவது புறமான கடலில், விசயகிரியாரின் ஆயுதக் கப்பல்கள், கோட்டைத் துறைக்கு வரும் ஆழமான நீர்வழியான வாய்க்காலை மறித்து நின்றன. அந்தக் கப்பல்களை விரட்டி உணவுக்கு வழி திறக்க இரண்டே இரண்டு பீரங்கிக் கப்பல்கள் போதும். அவற்றைக் கேட்டுப் பெறத்தான் வயிரவநாதன் சங்குமுனைக்கு வந்திருந்தான்.

வந்த அன்றே கோட்டை அதிபதி தொம் பெர்னாவ் கப்பித்தான் அவனை மார்போடு தழுவி வரவேற்றார். விருந்து வைத்தார். மறுநாள் பேசுவோம் என்றார். மறுநாள் அவர்களுடைய புனிதர் ஒருவரின் திருநாள் வந்தது. அதன் பிறகு கப்பித்தானுக்குக் கால்வீக்கம் வந்தது. கால்வீக்கம் வடிந்ததும் தலைமைத் துறைமுகத்திலிருந்து கடிதம் வரவேண்டியதாயிற்று. கடிதம் வந்ததும் அதற்குப் பதில் எழுத வேண்டியதாயிற்று. உடன் வந்த வீரர்களைச் செய்தி சொல்ல ஊருக்கு அனுப்பிவிட்டு, வயிரவநாதன் தனியாகக் காத்திருந்தான். ஆறு நாட்களுக்கு முன் முற்றுகையை ஊடுருவி வந்த ஒற்றன் ஒருவன் கொடுத்துச் சென்ற ஓலையில் ஒரே வரிதான் இருந்தது: “புளியங்கொட்டையும் இன்னும் பத்து நாளைக்கே காணும்.”

படியேறி வரும் காலடி ஓசை கேட்டு அவன் திரும்பினான். வந்தவள் கோட்டையின் துபாஷியான இன்னாசியாள். பறங்கி மொழியையும் தமிழையும் ஒரு மொழியைப் போலவே பேசக்கூடியவள். கப்பித்தானும் தானாபதியும் பேசிய ஒவ்வொரு சொல்லும் அவள் நாவின் வழியாகத்தான் கடந்து சென்றது. கடலோரத்துக் கருமை படிந்த முகமும், எதிலும் வியப்படையாத பெரிய விழிகளும் கொண்ட அந்தப் பெண்ணை எண்ணும்போதெல்லாம், தனக்குக் கோபம் வருகிறதா வேறு ஏதேனும் வருகிறதா என்று வயிரவநாதனுக்கே தெளிவாகவில்லை. இன்று கோபமே முந்திக்கொண்டது.

“துபாஷி அம்மணி, நேற்று நான் சொன்னதைச் சொன்னபடி கப்பித்தானிடம் சொன்னீர்களா?”

“சொன்னேனே.”

“கொடுத்த வாக்கை விழுங்குகிறவன் வீரனல்லன் என்றேன். அதைக் கேட்டுவிட்டு அவர் சிரித்த முகத்தோடு எனக்குத் திராட்சை ரசத்தை நீட்டினார். என்ன சொன்னீர்கள்?”

“கப்பித்தான் தீர்க்காயுசா இருக்கணும்னு நீங்க வாழ்த்துறதா சொன்னேன்” என்றாள் இன்னாசியாள், சிறிதும் தயங்காமல்.

வயிரவநாதன் மதில் கல்லை ஓங்கிக் குத்தினான். “என் கோபத்தை விழுங்க உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? நாற்பத்து மூன்று நாட்களாக என்னை ஒரு பொம்மையாக்கி வைத்திருக்கிறாயா?”

“நீங்க சொன்னத அப்படியே சொல்லியிருந்தா இந்நேரம் கீழ்க் கிடங்குல எலிகளோட கெடந்திருப்பீங்க, தானாபதி ஐயா. ஒங்க நல்லதுக்குத்தான் மாத்திச் சொன்னேன்.” அவள் சற்று நிறுத்தினாள். “ஆனா மொத நாளு ஒண்ணு சொன்னீங்களே, முத்துச் சலாபத்தை, அதான் முத்துக்குளிக்கிற கடல, எடுத்துக்கிட்டுக் கப்பலத் தாங்கன்னு. அத மட்டும் ஒரு சொல்லுகூடக் கொறையாம சொன்னேன்.”

அவள் குரலில் இருந்த கசப்பின் காரணம் அவனுக்கு விளங்கவில்லை. அவன் கேட்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

“நாளைக்குக் காலையில கப்பித்தான் ஒங்கள வரச் சொல்றாரு. உடன்படிக்கைக் காகிதம் தயாரா இருக்காம்.”

நாற்பத்து மூன்று நாட்களாகக் காத்திருந்த சொல் அது. ஆயினும் அதைச் சொன்னவளின் முகத்தில் மகிழ்ச்சியின் சாயல்கூட இல்லாததை வயிரவநாதன் கவனித்தான்.

மறுநாள் காலை கப்பித்தானின் ஓலக்க மண்டபத்தில் கடற்காற்று திரைச்சீலைகளை ஊதிப் பெருக்கிக்கொண்டிருந்தது. தொம் பெர்னாவ் உயர்ந்த நாற்காலியில், வீங்கிய காலைப் பட்டுத் தலையணை மேல் நீட்டி அமர்ந்திருந்தார். மேசைமேல் தடித்த காகிதம் ஒன்று விரிந்து கிடந்தது. பக்கத்தில் அரக்கும் விளக்கும் தயாராக இருந்தன. வயிரவநாதனின் விரலில் பூவணத் தேவரின் முத்திரை மோதிரம் மின்னியது. அதை உருகிய அரக்கில் பதித்துவிட்டால் வேலை முடிந்தது.

கப்பித்தான் கையை அசைத்தார். இன்னாசியாள் காகிதத்தை எடுத்துக்கொண்டாள். தேவாலயத்தில் மறை வாசிப்பவளைப்போல் ஏற்ற இறக்கமில்லாத குரலில் தமிழில் சொல்லத் தொடங்கினாள்:

“பூவணத் தேவர். செம்மணற்சீமை. இந்த ரெண்டு பேரும் கப்பித்தானுக்குத் தெரிஞ்ச பேரு; அதனால அப்பப்ப சொல்லிக்கிட்டே இருப்பேன். மத்தபடி தமிழ் அவருக்குத் தெரியாது. முகத்தை மாத்தாமக் கேளுங்க. இத நட்பு உடன்படிக்கைன்னு ஒங்ககிட்ட வாசிக்கச் சொல்லி எனக்கு உத்தரவு. ஆனா இதுல நட்புன்னு ஒரு எழுத்தும் கெடையாது. பூவணத் தேவர் பறங்கி ராசாவோட அடிமைச் சிற்றரசர், அவரும் அவர் வாரிசும் என்னென்னைக்கும், அப்படித்தான் எழுதியிருக்கு.”

கப்பித்தான் வயிரவநாதனை நோக்கிப் புன்னகை செய்தார். அவனும் புன்னகை செய்தான். வாழ்நாளில் எந்த வாளையும் தூக்க அவன் அவ்வளவு பாடுபட்டதில்லை.

“செம்மணற்சீமை,” என்று அவள் அதே குரலில் தொடர்ந்தாள், “தன் கரையில எங்க வேணும்னாலும் இவங்களக் கோட்டை கட்டிக்க விடணும். குருந்தீவு இவங்களுக்கு. அதச் சுத்தி முத்துச்சிப்பி வெளையுற பாரெல்லாம் இவங்களுக்கு. பூவணத் தேவர் இவங்களைக் கேக்காம யார்கூடவும் போர் செய்யக் கூடாது, சமாதானமும் செய்யக் கூடாது. முடிஞ்சுது. இப்ப ஏதாச்சும் சந்தோசமாப் பேசுங்க.”

“கப்பித்தானின் பெருந்தன்மை என்னை வாயடைக்கச் செய்கிறது என்று சொல்லுங்கள்” என்றான் வயிரவநாதன், கைகூப்பியபடி. “கப்பல்கள் என்றைக்குப் புறப்படும்?”

அவள் பறங்கி மொழியில் கேட்டாள். கப்பித்தான் தாராளமாகக் கைவிரித்து நீண்ட விடை சொன்னார். இன்னாசியாள் தலையசைத்துக் கேட்டுவிட்டு மொழிபெயர்த்தாள்:

“முத்திரை விழுந்த மறுநாளே புறப்படுமாம். நான் நம்பல. மேல்மாடியில மூணு நாளா வடக்கத்தி ஆளு ஒருத்தரு தங்கியிருக்காரு. ஒங்க கோட்டையச் சுத்தி வளைச்சிருக்கிறவங்களோட ஆளு. பேரச் சொன்னா கப்பித்தானுக்குப் புரிஞ்சிடும். அவருகூடப் பேசுறப்பவும் நான்தான் துபாஷி. நீங்க முத்திரை வச்ச காகிதத்த இவரு அந்தாளு கண்ணுல காட்டி, அவங்ககிட்ட இன்னும் பெரிய வரம் வாங்கப் போறாரு. கெடைச்சுதுன்னா கப்பலு அவங்க பக்கந்தான் போகும்.”

அப்போதும் வயிரவநாதன் உடனே மறுத்துவிடவில்லை என்பதை இங்கே மறைக்காமல் சொல்லியாக வேண்டும். வேறொரு கதையாக இருந்தால் தானாபதி காகிதத்தைக் கிழித்தெறிந்திருப்பான். இவனோ அதையே பார்த்துக்கொண்டு நின்றான். புளியங்கொட்டையைச் சுட்டுத் தின்னும் குழந்தைகளின் முகங்கள் அவன் கண்முன் வந்தன. அடிமை என்ற சொல்லை ஏற்றுக்கொண்டால் அவர்கள் வயிறாற உண்பார்கள் என்றால், அந்தச் சொல்லை அவன் தன் தலைமேல் ஏற்றுக்கொண்டிருப்பான். பிறகு பூவணத் தேவர் தன் தலையை வெட்டினாலும் சரி என்றுகூட நினைத்தான். ஆனால் உணவும் வராது, சொல் மட்டும் தங்கிவிடும் என்றால்? ஓராண்டாகச் சிந்திய இரத்தமெல்லாம் ஓர் எசமானனை மாற்றிக்கொள்ளத்தானா?

மறுத்தால் கிடங்கு. ஒப்பினால் ஏமாற்றம். இரண்டுக்கும் நடுவே ஒரு பகல் வேண்டும்.

“துபாஷி அம்மணி, கப்பித்தானிடம் இவ்வாறு சொல்லுங்கள்: இன்று பௌர்ணமி. எங்கள் நாட்டில் இத்தகைய பெரிய உடன்படிக்கையில் முத்திரை பதிப்பவன், பௌர்ணமி நிலா எழும் வேளையில் ஆறும் கடலும் கலக்குமிடத்தில் நீராடிய பிறகே மோதிரத்தைத் தொடுவான். இல்லாவிட்டால் என் தலைவர் இந்த முத்திரையை மதிக்க மாட்டார்.” பிறகு, குரலை மாற்றாமலே சேர்த்துக்கொண்டான்: “அப்படியொரு வழக்கம் எங்களிடம் இல்லை. தண்ணீரில் இறங்கிய பிறகு என்ன செய்வதென்றும் எனக்குத் தெரியாது.”

முதன்முறையாக அவள் உதட்டோரத்தில் ஏதோ துடித்தது. சிரிப்போ என்னவோ, அது உடனே மறைந்துவிட்டது. அவள் கப்பித்தானிடம் வெகுநேரம் பேசினாள். அவர் முகம் சுளித்தார்; கூரையைப் பார்த்தார்; இந்த நாட்டுச் சடங்குகளால் தம் ஆயுளில் பாதி போயிற்று என்பதுபோல் பெருமூச்சு விட்டார். கடைசியில் நான்கு விரல்களைக் காட்டினார்.

“நாலு துப்பாக்கிக்காரங்க கூட வருவாங்க” என்றாள் இன்னாசியாள். “நானும் வரேன். தண்ணிக்குள்ள எறங்கினதும் வலப்பக்கமே போங்க. இன்னைக்கு நீவாடு, அதான் கடலுக்குள்ள ஓடுற நீரோட்டம், அந்தப் பக்கந்தான் இழுக்கும். அதோட மல்லுக்கட்டாம விட்டுடுங்க. மிச்சத்த நான் பாத்துக்கிடுறேன்.”

மாலையில் முழுமதி கடலிலிருந்து எழுந்தது. செம்பொன் தட்டொன்றைக் கழுவி எடுத்தாற்போல் நீர் சொட்டச் சொட்ட அது மேலேறுகையில், எதிரே மேற்கில் பகலவனின் கடைசிக் கீற்று பனங்காட்டுக்குப் பின்னால் மறைந்துகொண்டிருந்தது. முகத்துவாரத்தின் வெளிவிளிம்பில் மீன்பிடி வள்ளங்கள் சில வலை வளைத்துக்கொண்டிருந்தன. துப்பாக்கிக்காரர்கள் நால்வரும் மணலில் நின்றார்கள். வயிரவநாதன் இடுப்பாடையை இறுக்கிக்கொண்டு நீரில் இறங்கினான். ஊர்க் கண்மாயில் கரைக்குக் கரை நீந்தியவன்தான். ஆனால் முழங்காலளவு நீரிலேயே காலடி மணலை உருவிக்கொண்டு ஓடிய இந்த நீர் அவனுக்குப் புதியது.

“நூத்தெட்டு முழுக்கு!” என்று கரையிலிருந்து உரத்துச் சொன்னாள் இன்னாசியாள். பிறகு அதையே காவலர்களுக்குப் பறங்கி மொழியில் சொல்லி, நடுவே குறுக்கிட்டால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும் என்றும் எச்சரித்தாள். அவர்கள் சலிப்போடு துப்பாக்கிகளைத் தரையில் ஊன்றிக்கொண்டார்கள்.

அவன் முழுகினான், எழுந்தான். ஒவ்வொரு முழுக்கிலும் ஓரடி வலப்புறம் நகர்ந்தான். இருபதைத் தாண்டியபோது நீர் மார்பளவு வந்திருந்தது. முப்பதாவது முழுக்கில் அவன் எழவில்லை.

ஐயோ, நீரோட்டம் கொண்டுபோய்விட்டதென்று இன்னாசியாள் அலறினாள். ஒருவன் கயிற்றுக்காகக் கோட்டையை நோக்கி ஓடினான். மற்ற மூவரும் நீரின் விளிம்பில் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவனுக்கும் நீச்சல் தெரியாது. அவர்கள் கண்ணெதிரே அந்தத் துபாஷிப் பெண் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஓடிச்சென்று அலையின் அடியில் பாய்ந்தாள். காப்பாற்றப் போகிறாள் என்றே அவர்கள் எண்ணினார்கள். வெகுநேரம் கழித்து, நிலவொளி படர்ந்த நீரில், வெகுதொலைவில் இரண்டு தலைகள் தெரிந்த பிறகுதான் துப்பாக்கிகள் வெடித்தன. குண்டுகள் நீரைக் கிள்ளிவிட்டுப் போயின.

வயிரவநாதனோ, நீவாட்டோடு மல்லுக்கட்டாதே என்று சொல்லப்பட்டும் மல்லுக்கட்டிவிட்டான். உப்புநீர் மூக்கிலும் வாயிலும் ஏறியது. மேலே எது, கீழே எது என்பது மறந்துபோன நேரத்தில் ஒரு கை அவன் குடுமியைப் பற்றியது. அந்தக் கைக்குரியவள் மீனைப்போல் ஒருக்களித்து நீந்தி அவனை இழுத்துக்கொண்டு போனாள். மூச்சுக்குத் தலையைக்கூட அவள் அடிக்கடி தூக்கவில்லை. கோட்டை மண்டபத்தில் காகிதம் வாசித்த பெண்ணா இவள் என்று திகைக்கும் அளவுக்காவது அவனுக்கு நினைவு மிஞ்சியிருந்தது.

வள்ளத்தில் இருந்தவர்கள் இருவரையும் தூக்கிப் போட்டார்கள். வலையை அறுத்துவிட்டுத் துடுப்பு வலித்தார்கள். வள்ளத்தின் பின்முனையில் அமர்ந்திருந்த நரைத்த தாடிக் கிழவர் எழுந்து வந்து இன்னாசியாளின் ஈரத் தலையை இரு கைகளாலும் பற்றி நெற்றியில் சிலுவை வரைந்தார்.

“காலையில நீ சொல்லியனுப்பினதுமே வந்துட்டோம். ரெண்டு வருசம் ஆச்சு தாயி, ஒன்னப் பக்கத்துல பாத்து” என்றார்.

வயிரவநாதன் இருமி முடித்து நிமிர்ந்தான். அந்தக் கிழவரை அவன் அறிவான். சிப்பிக்குடாவைச் சுற்றியுள்ள பதினோரு முத்துக்குளிப்போர் ஊர்களுக்கும் தலைவரான அந்திரேசுப் பட்டங்கட்டி. செம்மணற்சீமையின் குடி.

“உங்கள் மகளா?” என்றான்.

“எம் மகதான்” என்றார் கிழவர். “சலாபத்த யாரு யாருக்கு எழுதிக் குடுக்கப் போறாங்கன்னு எங்களுக்குத் தெரிய வேணாமா? அதுக்குத்தான் துபாஷியாப் போயி கோட்டையில ஒக்காந்திருந்தா. நாங்க கடலுக்குள்ள முங்குற சாதி, ராசா. இவ பறங்கிக் கோட்டைக்குள்ள முங்கினா, அம்புட்டுத்தான்.”

சங்குமுனைக்கு வந்த முதல் நாளில் கப்பித்தானிடம் தான் பேசியது முழுவதும் வயிரவநாதனுக்கு நினைவு வந்தது. அவன் கப்பலுக்கு ஈடாகத் தூக்கிக் கொடுத்த சலாபம் இவர்கள் மூச்சடக்கி முத்தெடுக்கும் கடல். அந்த ஈட்டைத் தன் வாயாலேயே அந்நியனுக்குச் சொல்லவேண்டிய கதி இந்தப் பெண்ணுக்கு நேர்ந்திருந்தது.

“பிறகு ஏன் என்னைக் காப்பாற்றினீர்கள்?” என்று கேட்டான் தாழ்ந்த குரலில்.

இன்னாசியாள் கூந்தலைப் பிழிந்துகொண்டே அவனைப் பார்த்தாள். அவள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் இப்போது வெளிப்பட்டது. “ஒங்க மேல எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல. நாப்பத்து மூணு நாளு! கப்பலு, கப்பலுன்னு அந்தாளு காலடியில கெடந்தீங்க. அந்தக் கப்பலு வந்தாலும் ஒங்க கோட்டைக்குக் கிட்டப் போகாது. நடுவுல நீருக்கடியில கல்லடிப் பாருன்னு பாறைத்திட்டு கெடக்கு, அடி தட்டிடும். வாய்க்கால மறிச்சு நிக்குறவங்க கப்பலும் அதுமேல வராது. எங்க வள்ளம் போகும். பௌர்ணமிப் பெருக்குல நெறஞ்ச பாரத்தோட போகும். சங்குமுனைக்கு வர்ற வழியில எங்க ஊருலதான் தண்ணி வாங்கிக் குடிச்சீங்க. எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

அவன் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றவே இல்லை. கடலுக்கு அப்பாலிருந்து வந்தவன் அவன் கண்ணுக்கு நேச அரசனாகத் தெரிந்தான். கடலோரத்தில் நின்றவர்கள் வெறும் குடிகளாகத் தெரிந்தார்கள். அந்த எண்ணம் குண்டடியைப்போல் அவனுள் இறங்கியது.

“இப்போது கேட்கிறேன்” என்றான். “என்ன வேண்டும்?”

கிழவர் மகளைப் பார்த்தார். மகள் பேசினாள்.

“சலாபம் எங்களுது. அத எவனுக்கும் எழுதிக் குடுக்க ஒங்க தேவருக்குப் பாத்தியதை கெடையாது. எங்க ஊருக்கு நாங்கதான் பெரியவங்க. ஒங்க குடியா வரமாட்டோம். கூட்டாளியா வரோம்.”

இதற்கு ஒப்ப அவனுக்கு அதிகாரம் இல்லை. கப்பல்களைத் தவிர வேறு எதையும் பேச அவனுக்கு அதிகாரமே இல்லை. விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றி அவள் கையில் வைத்தான். “என் தலைவர் இதை மறுத்தால், மறுத்த நாளில் நான் உங்கள் பக்கம் நிற்பேன்” என்றான்.

மூன்றாம் நாள் விடியலில், பசித்த கண்களோடு மதில்மேல் நின்ற செம்மணற்கோட்டை மக்கள், தங்கள் கண்களையே நம்ப முடியாத காட்சியைக் கண்டார்கள். முப்பத்திரண்டு வள்ளங்கள் கல்லடிப் பாரின் நுரைக்கு மேலே ஒவ்வொன்றாக ஏறிக் குதித்து வந்துகொண்டிருந்தன. தொலைவில் விசயகிரியாரின் கப்பல்கள் பீரங்கி முழக்கின. குண்டுகள் பாதி வழியிலேயே விழுந்தன. வள்ளங்களில் நெல் இருந்தது, கருவாடு இருந்தது, பனைவெல்லம் இருந்தது. பெண்கள் நெல்லைக் குத்தக்கூடப் பொறுமையின்றி, கைப்பிடி கைப்பிடியாக வறுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள்.

ஆனால் பூவணத் தேவரின் கொலுமண்டபத்தில் மகிழ்ச்சி இல்லை. ஐந்து மாத முற்றுகையில் பாதியாக மெலிந்திருந்த அந்தப் பெருவீரர், கூரிய கண்களால் தம் தானாபதியை உற்றுப் பார்த்தார்.

“வயிரவநாதா, உன்னிடம் என்ன கேட்டேன்?”

“பீரங்கிக் கப்பல்கள், மகாராசா.”

“என்ன கொண்டுவந்தாய்?”

“நெல்.”

“நெல் மட்டுமா? என் முன்னோர் ஆண்ட சலாபத்தை யாரைக் கேட்டுத் தூக்கிக் கொடுத்தாய்? பறங்கி கேட்டபோது மானம் பெரிதென்று மறுத்தாயாம். என் குடிகள் கேட்டபோது மட்டும் மோதிரத்தைக் கழற்றிக் கொடுப்பாயோ?”

“பறங்கி நம்மை அடிமையாகக் கேட்டான், மகாராசா. இவர்கள் தாங்கள் அடிமையாக இருக்க மாட்டோம் என்கிறார்கள். ஓராண்டுக்கு முன் இதே மண்டபத்தில் நாமும் அதைத்தான் சொன்னோம்.”

“துடுக்கு!” என்று தேவர் இருக்கையிலிருந்து பாதி எழுந்தார். அவர் பார்வை, மண்டபத்தின் நடுவே உப்புக் கறை படிந்த சேலையோடு நின்ற பெண்ணின்மீது விழுந்தது. “இவள் யார்? துபாஷியா? தமிழ் பேச எனக்கு எதற்குத் துபாஷி?”

“நான் துபாஷியா வரல, மகாராசா” என்றாள் இன்னாசியாள். “சிப்பிக்குடா பதினோரு ஊருக்கும் தூதா வந்திருக்கேன். ஒங்க மோதிரம் இதோ. வேணாம்னா எடுத்துக்கங்க. எறக்கின நெல்லத் திருப்பி ஏத்த மாட்டோம், பிள்ளைங்க திங்குது. ஆனா காலையில பாருல ரெண்டு வள்ளம் ஒடஞ்சுது. இன்னொரு வள்ளத்துல இருந்து மிக்கேல்னு ஒருத்தன அலை அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. ஒடம்பு கெடைக்கல. அவன் ஒங்க குடியாச் செத்தானா, கூட்டாளியாச் செத்தானான்னு அவன் பொண்டாட்டிகிட்ட நான் போய்ச் சொல்லணும். எதச் சொல்லட்டும்?”

வெளியே எங்கோ நெல் வறுபடும் மணம் காற்றில் வந்தது. பூவணத் தேவர் அவள் நீட்டிய மோதிரத்தை உற்றுப் பார்த்தார். அவர் முகத்தில் கனிவு ஏதும் தோன்றிவிடவில்லை. விழுங்க முடியாததை விழுங்குகிறவனின் வலிதான் தெரிந்தது. பிறகு வாளை உறையிலிருந்து உருவித் தரையில் ஊன்றி, கைப்பிடிமேல் உள்ளங்கையை வைத்தார்.

“கூட்டாளியாக” என்றார் கரகரத்த குரலில். “என் காலத்திலும் என் வழிவந்தோர் காலத்திலும் சிப்பிக்குடாக் கரையும் சலாபமும் அவர்களுடையவை. இது பூவணன் ஆணை.”

இன்னாசியாள் தலைகுனிந்து வணங்கினாள். தேவரோ வயிரவநாதனை ஏறெடுத்தும் பாராமல் சொன்னார்: “சொல்லாததைப் பேசிய தூதன் எனக்கு வேண்டாம். இன்றுமுதல் நீ என் தானாபதி அல்லன்.”

அந்தச் சொல் அவனைக் காயப்படுத்தவில்லை என்று சொன்னால் பொய்யாகும். பத்தாண்டுகள் உழைத்துப் பெற்ற பதவி அது. வணங்கிவிட்டு வெளியே வந்தவன், நேரே கடற்கரைக்கு நடந்தான். வெறும் வள்ளங்கள் அடுத்த பாரத்துக்காகத் திரும்பப் புறப்பட்டுக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றில் மிக்கேலின் துடுப்பிடம் காலியாக இருந்தது. வயிரவநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதில் ஏறி அமர்ந்தான்.

“ஒங்களுக்குத் துடுப்பு வலிக்கத் தெரியாதே” என்றாள் இன்னாசியாள், வள்ளத்தின் விளிம்பைப் பற்றியபடி.

“தெரியாதுதான். நாற்பத்து மூன்று நாட்களை நான் வீணாக்கினேன். அந்த நாட்களில் பசியால் போனவர்களை என்னால் திருப்பிக் கொண்டுவர முடியாது.” அவன் துடுப்பைப் பிடித்த விதம் தவறென்று கண்டு அவள் அவன் கைகளை எடுத்துச் சரியான இடத்தில் வைத்தாள். அந்தக் கைகளை அவன் உடனே விடவில்லை. “இந்தக் கோட்டையின் முற்றுகை நீங்கும் நாள்வரை, போகும் வள்ளம் ஒவ்வொன்றிலும் நான் இருப்பேன். அதுவரை கரையில் ஒரு நாளும் தங்கமாட்டேன். உன்மேல் ஆணை, இன்னாசியா.”

“எம்மேல ஆணை வைக்க நீங்க யாரு?” என்று கேட்டாள் அவள். கேட்டுவிட்டு, விடைக்குக் காத்திராமல் வள்ளத்துக்குள் ஏறி, அவனுக்கு எதிரே அமர்ந்து அடுத்த துடுப்பை எடுத்துக்கொண்டாள்.